டி.என்.ஏ. சாதி பேசுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல்)

தேர்வுத் தாளில் டி.என்.ஏ.வுக்கு என்று ஒரு கேள்வி எப்போதும் உண்டு. இரட்டைச் சுருளை வரைந்து, பாகங்களைக் குறித்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் தேநீர்க் கடையிலும் திருமண மண்டபத்திலும் அதே டி.என்.ஏ.வின் பெயரால் வேறொரு பாடம் நடக்கிறது. "இது எங்கள் ரத்தத்தில் ஊறியது" என்ற பழைய பேச்சு, இப்போது "இது எங்கள் டி.என்.ஏ.விலேயே இருக்கிறது" என்று மாறியிருக்கிறது. பிறப்பால் பெருமை பேசுவோர் அறிவியலைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அறிவியல் படிக்கும் நாம் வாய்மூடி இருக்கலாமா?

டி.என்.ஏ. என்பது யாது? அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு பொருள்களை எழுத்துகளாகக் கொண்ட நீண்ட ஆவணம் அது. 1953-ல் வாட்சனும் கிரிக்கும் அதன் அமைப்பை விளக்கினார்கள். ரோசலிண்ட் பிராங்க்ளினின் எக்ஸ்-கதிர் ஆய்வு அதற்குப் பெருந்துணை புரிந்தது. தாய் தரும் 23 குரோமோசோம்களில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். தந்தை தரும் 23-லும் ஏறத்தாழ அவ்வளவே. எந்த இரு மனிதரை எடுத்து ஒப்பிட்டாலும் ஆயிரம் எழுத்துக்கு ஏறத்தாழ ஓர் எழுத்துதான் வேறுபடும்.

எழுத்து இருந்தால் மட்டும் போதுமா? நம் வீடுகளில் நிலத்தின் மூலப்பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பார்கள். காரியத்துக்கு நகல்தான் வெளியே போகும். உயிரணுவிலும் அப்படியே. டி.என்.ஏ. உட்கருவுக்குள் இருக்கிறது. வேண்டிய பகுதி மட்டும் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு ரைபோசோமுக்குச் செல்கிறது. அங்கே மூன்று மூன்று எழுத்தாக அது படிக்கப்படுகிறது. கடத்து ஆர்.என்.ஏ. உரிய அமினோ அமிலத்தைச் சுமந்து வந்து சேர்க்க, புரதம் உருவாகிறது. நம் கண்ணிலும் கல்லீரலிலும் உள்ள டி.என்.ஏ. ஒன்றுதான். எந்தப் பகுதிக்கு நகல் எடுக்கப்படுகிறது என்பதே அவற்றை வேறாக்குகிறது. உயரமாக வளரும் மரபு பெற்ற குழந்தையும் உணவில்லையேல் அந்த உயரத்தை எட்டுவதில்லை. பெட்டியில் பத்திரம் இருப்பதாலேயே வயலில் நெல் விளைந்துவிடாது அல்லவா?

இனி நம் ஊர்ச் செய்திக்கு வருவோம். மதுரை மாவட்டத்து ஜோதிமாணிக்கம் கிராமம் ஒரு காலத்தில் உலகச் செய்தியானது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன், ஸ்பென்சர் வெல்ஸ் ஆகியோரின் ஆய்வில், அவ்வூரில் எம்130 என்னும் மரபணு அடையாளம் காணப்பட்டது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோமில் உள்ள அடையாளம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக நடந்து, 50,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆஸ்திரேலியாவை எட்டிய ஆதி மனிதரின் பாதையை அது காட்டுவதாக அறிஞர்கள் விளக்கினர். 2002-ல் வெளிவந்த வெல்ஸின் நூல் இதை உலகறியச் செய்தது.

இது நாம் மகிழத்தக்க செய்தியே. ஆனால் "நாங்களே முதல் குடி" என்று மார்தட்ட அதில் இடமில்லை. எம்130-இன் கிளைகள் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடம் உள்ளன; மங்கோலியரிடமும் உள்ளன. அது உறவைக் காட்டுகிறதே தவிர, உயர்வைக் காட்டவில்லை. மேலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெற்றோர் 2, பாட்டன் பாட்டியர் 4, அதற்கு முன் 8 என்று பத்துத் தலைமுறை பின்னோக்கிச் சென்றால் முன்னோர் இடங்கள் 1,024. சொந்தத்திலேயே பெண் எடுக்கும் நம் வழக்கத்தால் ஒருவரே இரண்டு மூன்று இடங்களில் அமர்ந்திருக்கவும் கூடும். ஒய் குரோமோசோம் அந்த 1,024 இடங்களில் ஒரே ஓர் ஆணைப் பற்றி மட்டுமே பேசுகிறது. மற்ற 1,023 இடங்களை, அவற்றுள் அத்தனை தாய்மாரையும், மறந்துவிட்டா பரம்பரை பேசுவது?

"சாதிக்குச் சாதி டி.என்.ஏ.வில் சிறு வேறுபாடு தெரிகிறதே!" என்று விவரம் அறிந்தவர்கள் மறுக்கலாம். நியாயமான கேள்விதான். ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியும் இணைந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்நாட்டு மக்கள் பரவலாகக் கலந்திருக்கிறார்கள். அதன் பின்னரே தத்தம் கூட்டத்துக்குள் மணக்கும் வழக்கம் இறுகியிருக்கிறது. ஆகவே அந்த வேறுபாடு, யார் யாரை மணக்க மறுத்தார்கள் என்பதன் தடம். யார் உயர்ந்தவர் என்பதற்கு அதில் ஓர் எழுத்தும் இல்லை. அடைத்த கதவுக்குள்ளேயே மணந்துகொண்டிருந்தால், மறைந்திருக்கும் நோய்க் கூறுகள் தாய்வழியும் தந்தைவழியும் ஒருசேரப் பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு மிகும் என்பதே கண்ட பலன்.

டி.என்.ஏ.வின் மூன்றெழுத்துச் சொற்களைப் படிக்க வழிகாட்டிய மூவருக்கு 1968-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுள் ஒருவர் ஹர் கோவிந்த் குரானா. பஞ்சாபில் சுமார் 100 பேர் வாழ்ந்த சிற்றூரில், அநேகமாக அவர் குடும்பம் ஒன்றே எழுத்தறிந்த குடும்பம். ஏழ்மையிலும் தந்தை பிள்ளைகளைப் படிக்க வைத்தார். அந்த ஊரின் மற்ற வீடுகளில் குரானாக்கள் பிறக்கவே இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் டி.என்.ஏ.வில் பாதி, கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த என் தந்தையுடையது. அவருக்குக் கிட்டாதது பள்ளிக்கூடமே அன்றி, அறிவு அன்று. "படிப்பு சிலருக்குத்தான் வரும், அது பிறவியிலேயே அமைவது" என்பாரைக் காணும்போது எனக்கு இதுவே நினைவுக்கு வருகிறது.

கீழடியை அடுத்த கொந்தகையில், முதுமக்கள் தாழிகளில் கிடைத்த எலும்புகளின் டி.என்.ஏ.வை ஆராயும் பணியில் நம் பல்கலைக்கழகம் ஈடுபட்டிருக்கிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் மண்ணில் பழைய டி.என்.ஏ. எளிதில் சிதைந்துவிடும், அதைப் படிப்பது அரும்பணி. ஆனால் அதற்குள்ளாகவே "அவர்கள் எங்கள் ஆட்களே" என்ற கூச்சல் எழுகிறது. முடிவு எதுவாயினும், அதை ஊராருக்கு விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாமே. நாம் சொல்லாவிட்டால், சாதிச் சங்கத்துச் சுவரொட்டி சொல்லிவிடும். நண்பர்களே, டி.என்.ஏ.வைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல், ஊருக்குப் போய்ச் சொல்வதற்காகவும் படிப்போமாக!