காலாங் விளையாட்டு நடுவம்: 25 ஆண்டு ஒப்பந்தம் ஏன் பாதியில் முடிந்தது?

காலாங்கில் இசை நிகழ்ச்சிக்கோ காற்பந்து ஆட்டத்துக்கோ போயிருப்பீர்கள். 55,000 பேர் உட்காரக்கூடிய அந்தத் தேசிய விளையாட்டரங்கை 2022 டிசம்பர் வரை யார் நடத்தினார்கள் தெரியுமா?

அரசாங்கம் இல்லை. ஒரு தனியார் கூட்டு நிறுவனம்.

2010இல் கையெழுத்தான ஒப்பந்தம் அது. திட்டத்தின் மதிப்பு 1.33 பில்லியன் வெள்ளி. வடிவமைப்பு, கட்டுமானம், அதற்கான கடன், பிறகு நடத்துவது... எல்லாம் தனியார் பொறுப்பு. கட்டி முடியும்வரை அரசாங்கம் காசு கொடுக்க வேண்டாம். முடிந்த பிறகு ஆண்டுக்குச் சுமார் 194 மில்லியன் வெள்ளி.

கேட்க நல்லாத்தானே இருக்கு? உண்மையில் லாபமும் இருந்தது. கட்டுமானச் செலவு ஏறினால் அது தனியாரின் தலைவலி.

சிக்கல் எங்கே வந்தது என்றால், 2016 தேசிய தின அணிவகுப்பில்.

அணிவகுப்புக்கு அரங்கை 45 நாள் பயன்படுத்தலாம் என்றது ஒப்பந்தம். ஏற்பாட்டாளர்களுக்குத் தேவைப்பட்டதோ 80 நாள். கூடுதல் 35 நாளுக்கு நிறுவனம் 26 மில்லியன் வெள்ளி கேட்டது. பேசிப் பேசி 10 மில்லியனில் முடிந்தது.

நிறுவனம் பேராசைப்பட்டதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. வங்கிக் கடன் இருக்கு. வாடகை வராத ஒவ்வொரு நாளும் அதற்கு நட்டம். ஒப்பந்தத்தில் இல்லாததை இலவசமாகக் கொடுக்க அதற்கு எந்தக் காரணமும் இல்லை. நமக்கு அது தேசிய அரங்கம், அதற்கு அது வியாபாரம். 2010இல் எழுதிய ஒரு எண், 2016இல் நாட்டின் பிறந்தநாளுக்கே விலை பேச வைத்தது.

2022 டிசம்பர் 9ஆம் தேதி ஸ்போர்ட்எஸ்ஜி நடுவத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சமூகம் இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது அது சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று.

வெளியேறும் செலவு? சுமார் 1.5 பில்லியன் வெள்ளி. ஒப்பந்தம் 2035 வரை தொடர்ந்திருந்தால் இன்னும் 2.32 பில்லியன் கட்ட வேண்டியிருக்கும்.

உடனே 'மிச்சம்' என்று கணக்குப் போடாதீர்கள். பராமரிப்பு, ஊழியர் சம்பளம் எல்லாம் இனி அரசாங்கத்தின் தலையில். அதையும் சேர்த்தால்கூட மொத்தச் செலவு கூடாது என்பது நாடாளுமன்றத்தில் அமைச்சர் எட்வின் தோங் தந்த விளக்கம்.

2024இல் கோல்ட்பிளே 6 இரவு, டெய்லர் ஸ்விஃப்ட் 6 இரவு. டிக்கெட் கிடைக்காமல் புலம்பியவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அரங்கம் நிரம்பியதை வைத்து மட்டும் இந்த மாற்றத்தை மதிப்பிட முடியாது. பள்ளிப் போட்டிகளுக்கும் அக்கம்பக்கத்துக் குழுக்களுக்கும் எத்தனை நாள் கிடைக்கிறது என்று பாருங்கள். அதற்காகத்தான் இவ்வளவு பணம் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்தார்கள்.