கோட்டைக்குள் புகுந்த எதிரி

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்துக் கட்டிய மதில். ராஜகிரியின் உச்சி ஏறக்குறைய 800 அடி உயரம். உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னால் மலையில் ஒரு பெரிய பிளவு. அதன் குறுக்கே ஒரு சிறு பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை யாரும் நெருங்க முடியாது. ஔரங்கசீப்பின் சேனை 1690-ல் வந்து இறங்கி, உள்ளே இருந்த மராட்டியரை வெளியேற்ற 1698 வரை காத்துக் கிடந்தது என்றால் கோட்டையின் பலத்தைப் பற்றி மேலே சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜூலையில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததே, அந்தப் பன்னிரண்டில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான்.

இந்தப் பகுதியில் கோட்டைக்கும் கொத்தளத்துக்கும் என்ன வேலை என்று சகோதரிகள் கேட்கலாம். சொல்கிறேன்.

1750-ல் ஓர் இரவில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இந்தக் கோட்டையைப் பிடித்தார். 1761 வரை அது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அந்தக் காலத்துச் சண்டைகளைப் பற்றி விரிவாக எழுதிய ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கிலேயர் ஒரு கணக்குத் தருகிறார். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் அங்கே வைத்ததில்லையாம். ஆனால் அவர்கள் வைத்திருந்த பத்து வருஷத்தில் செத்தவர்கள் 1,200 பேர்!

இத்தனை பேரைக் கொன்ற பீரங்கி எது? பீரங்கியே இல்லை. ஜுரம். கர்நாடகத்திலேயே ஆரோக்கியம் மிகக் குறைந்த இடங்களில் ஒன்று செஞ்சி என்கிறார் ஓர்ம். ஊர்க்காரர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை, வெளியூரிலிருந்து வந்தவன் தப்புவதில்லை என்றும் அந்த நாளில் பேச்சு இருந்ததாகக் குறித்திருக்கிறார். இன்றைய டாக்டரிடம் இதைச் சொன்னால் உடனே மலேரியாவின் மேல் சந்தேகப்படுவார். சிறு வயதிலிருந்தே அந்தக் காய்ச்சலில் அடிபட்டு எழுந்தவன் உடம்பில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். புதிதாக வந்தவன் படுத்துவிடுவான்.

கோட்டைக்குள் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனைக்குளம், செட்டிக்குளம், சக்கரக்குளம் என்று குளங்கள். மலை மேல் மழைநீர்ச் சுனைகள். கல்யாண மஹாலில் மாடி மாடியாகத் தண்ணீர் ஏற்றுவதற்கு மண் குழாய்கள்கூடப் பதித்திருந்தார்கள். எதிரி எத்தனை வருஷம் வெளியே உட்கார்ந்தாலும் உள்ளே தாகத்தால் யாரும் சாகக் கூடாது என்பது கட்டியவர்களின் எண்ணம். மிகவும் நல்ல எண்ணம். ஆனால் தேங்கிய தண்ணீரைத் தேடி வேறு ஒரு பிராணியும் வரும் என்பது அன்று யாருக்குமே தெரியாது. பழி காற்றின் மேல் விழுந்தது. ‘மலேரியா’ என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். 1897 ஆகஸ்ட் 20-ந் தேதி செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவை அறுத்து அதன் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிக்கும் வரை, பயந்தவர்கள் ஜன்னலைச் சாத்தினார்களே தவிர, தண்ணீர்த் தொட்டியை மூடவில்லை.

நம் வீடும் ஒரு கோட்டைதான். வாசலில் இரும்பு கேட், கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள், ஜன்னலுக்குக் கம்பி. இப்போது காமிரா வேறு. திருடன் வராமலிருக்க எல்லா ஏற்பாடும் உண்டு. கொல்லைப்புறத்தில் மட்டும் ஒரு நீல டிரம் திறந்தபடியே நிற்கும்.

செஞ்சியை அடுத்த வல்லத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மாள் கொசு என்ற சொல்லைக் கேட்டதும் தெருச் சாக்கடையைக் காட்டினார்.

“எல்லாம் அதால வர்றதுதான் தம்பி. யார்கிட்ட சொல்றது?”

“சாக்கடைக் கொசு வேறே அம்மா. உங்கள் டிரம்மைக் கொஞ்சம் பார்க்கலாமா?”

டார்ச் விளக்கு அடித்துப் பார்த்தோம். தண்ணீர் பளிங்கு போல் இருந்தது. வெளிச்சம் பட்டதும் மேலே மிதந்த சின்னஞ்சிறு புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியை நோக்கிப் போயின.

“அது கூத்தாடிங்க. அது இருந்தா நல்ல தண்ணின்னு எங்க மாமியார் சொல்லுவாங்க.”

மாமியார் சொன்னதில் பாதி உண்மை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் பரப்புகிற ஏடிஸ் கொசு, சாக்கடையை நாடுவதில்லை. நாம் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் பிடித்து வைக்கிற சுத்தமான தண்ணீர்தான் அதற்குப் பிரியம். அந்தக் கூத்தாடிப் புழு தண்ணீரின் நற்சாட்சிப் பத்திரம் அல்ல. இன்னும் நாலைந்து நாளில் இறக்கை முளைத்து நம் குழந்தையின் காலைக் கடிக்கப் போகிற கொசு அது. காலில் வெள்ளை வரி போட்ட இந்தக் கொசு, கடிப்பதும் பகலில்தான். காலையிலும் மாலைச் சூரியன் சாயும் முன்னும் அதிகம். ராத்திரி கொசுவலை கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். பகலில் தூளியில் தூங்கும் குழந்தைக்கு வலை போடுகிற வீடுகள் எத்தனை? மேலும் இது வெகுதூரம் பறந்து போகும் ஜாதியும் அல்ல. அநேகமாகப் பிறந்த வீட்டுக்குள்ளேயே, கொடியில் தொங்கும் புடவைக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் காலத்தைக் கழிக்கும். ஆகையால் நம்மைக் கடித்த கொசு எங்கே பிறந்தது என்று தேடிக்கொண்டு ஊர்க்கோடிக்குப் போக வேண்டாம். நம் வீடு, அல்லது அண்டை வீடு.

இதன் வாழ்க்கைக் கணக்கைக் கேளுங்கள். முட்டை பொரித்துப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகிப் பறக்க நம் ஊர் வெப்பத்தில் ஏழிலிருந்து பத்து நாள். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் வீட்டிலுள்ள தண்ணீர்ப் பாத்திரங்கள் எல்லாவற்றையும் காலி செய்து தேய்த்துவிட்டால், ஒரு கொசுகூடச் சிறகு விரித்து வெளியே வர முடியாது. மருந்து வேண்டாம், புகை வேண்டாம், காசு வேண்டாம்.

வாரத்துக்கு ஒரு நாள் என்றதும் நம் பாட்டிமாரின் வியாழக்கிழமை ஞாபகம் வருகிறதல்லவா? வெள்ளிக்கிழமை பூஜைக்கு முதல் நாளே குத்துவிளக்கு, செம்பு, தவலை, அண்டா, குடம் அத்தனையும் முற்றத்துக்கு வந்துவிடும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்தால் பளபளவென்று மின்னும். அவர்கள் கொசுவை ஒழிப்பதற்காக இதைச் செய்தார்கள் என்று நான் கதை கட்ட மாட்டேன். பழைய வழக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விஞ்ஞானக் காரணம் கண்டுபிடித்துப் பூரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நான் சேரவில்லை. பித்தளை கறுத்தால் பார்க்கச் சகிக்காது, அதனால் தேய்த்தார்கள். அவ்வளவுதான். ஆனால் எதற்காகச் செய்தாலும் ஏழு நாளுக்கு ஒரு முறை பாத்திரம் காலியாயிற்று, உட்புறம் தேய்பட்டது, வெயிலில் காய்ந்தது.

பிளாஸ்டிக் கறுப்பதில்லை. அங்கேதான் வம்பு வந்தது. ஒரு மாதம் தேய்க்காவிட்டாலும் டிரம் அதே நீலத்தில் நிற்கும். ஏன் தேய்க்கவில்லை என்று நம்மைக் கேட்காது. பித்தளை போனபோது அதோடு சேர்ந்து அந்த வியாழக்கிழமையும் போய்விட்டது.

தேய்ப்பது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏடிஸ் கொசு தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கும். கறுப்புப் பொடி மாதிரி இருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் முட்டை சுவரிலேயே தங்கிவிடும். உலர்ந்த நிலையில் மாதக் கணக்கில் உயிரோடு கிடக்கும். கோடையில் பரண் மேல் போட்ட குடத்தை ஐப்பசி மழைக்கு இறக்கி நீர் நிரப்பினால், அந்தப் பழைய முட்டை அன்றைக்குப் பொரிக்கும்! தேங்காய் நாரோ பிரஷ்ஷோ கொண்டு உட்சுவரை, முக்கியமாக விளிம்பை, அழுத்தித் தேய்த்தால்தான் அது போகும்.

“தண்ணீர் வருவதே நாலு நாளைக்கு ஒரு தரம். அதைக் கொட்டச் சொல்கிறீர்களே!” என்று கோபித்துக் கொள்ளாதீர்கள். நியாயமான கோபம். குழாயில் தினமும் தண்ணீர் வருகிற வீட்டில் டிரம்முக்கே வேலையில்லை. பிடித்து வைக்கும்படி நேர்வது வீட்டுப் பெண்மணியின் குற்றமல்ல. யாரும் ஒரு சொட்டும் வீணாக்க வேண்டாம். பாத்திரத்தில் தண்ணீர் குறைவாக இருக்கிற நாளாகப் பார்த்து, மிச்சத்தை ஒரு பழைய வேஷ்டித் துணியில் வடிகட்டி இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றிக் கொள்ளுங்கள். துணியில் நின்ற புழுவை மண்ணில் உதறினால் செத்துப் போகும். காலி டிரம்மைத் தேய்த்து, மறுபடியும் நிரப்பி, அதே வேஷ்டித் துணியை வாயில் இறுக்கிக் கட்டி மூடியையும் போட்டுவிடுங்கள். இடுக்கு விட்டு வைத்த மூடியைக் கொசு மூடியாக மதிப்பதில்லை.

பெரிய தண்ணீர்ப் பாத்திரத்தை மட்டும் கவனித்துவிட்டுச் சின்னதை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் கீழே ஒரு தட்டு இருக்கிறது. அதை இழுத்துப் பார்த்தே பல வருஷம் ஆகியிருக்கும். பூஜாடி, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, குருவிக்கு வைத்த கிண்ணம். மிக்ஸியும் கிரைண்டரும் வந்த பிறகு கொல்லையில் தள்ளிய ஆட்டுக்கல். அதன் குழியில் ஒரு மழைக்கு ஒரு படி தண்ணீர் நிற்கும். கவிழ்க்க முடியாத கனம் என்றால் குழியில் மணலை நிரப்பிவிடலாம்.

இப்படி வீடு வீடாகப் பாத்திரத்தைப் பார்ப்பதனால் ஒரு நகரமே பிழைத்த கதை உண்டு. கியூபா தேசத்து ஹவானாவில் மஞ்சள் காய்ச்சல் வருஷா வருஷம் உயிர்களை வாங்கிக் கொண்டிருந்தது. கொசுதான் காரணம் என்று கார்லோஸ் ஃபின்லே என்ற உள்ளூர் டாக்டர் 1881-லேயே சொன்னார். இருபது வருஷம் ஒருவரும் நம்பவில்லை. 1900-ல் அமெரிக்க ராணுவ டாக்டர்கள் சோதித்துப் பார்த்து, அவர் சொன்னது மெய்தான் என்றார்கள். நம் டிரம்மில் வளர்கிற அதே ஏடிஸ்தான்! கார்கஸ் என்ற சுகாதார அதிகாரி ஆட்களை ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பி, பீப்பாய்களை மூடச் செய்தார். புழு இருந்த வீட்டுக்கு அபராதம். ஜனங்கள் முணுமுணுத்திருப்பார்கள், ஆனால் 1902-ல் அந்த நகரில் மஞ்சள் காய்ச்சலால் ஒரு மரணமும் இல்லை.

நம் ஊரிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1939-ல் சென்னை ராஜதானியில் வந்த பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு வளரும்படி தண்ணீர் தேக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அப்படியும் தமிழ்நாட்டில் டெங்கு 2012-ல் 12,000 பேருக்கு மேலும், 2017-ல் 23,000 பேருக்கு மேலும் பதிவாயிற்று. மழைக்காலத்தில் புழு பார்க்க வருகிற பெண்களை வாசலிலேயே நிறுத்தி, “எங்கள் வீட்டில் எல்லாம் சுத்தம்” என்று திருப்பி அனுப்புகிறோமே, அது சரியில்லை. வெயிலில் நூறு வீடு ஏறி இறங்குகிறவர்கள். உள்ளே விட்டு ஒரு டம்ளர் மோரும் கொடுத்தால் குறைந்தா போய்விடுவோம்?

டெங்கு பற்றி ஒரு விஷயத்தைத் தாய்மார்கள் அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மற்ற ஜுரங்களில் உடம்புச் சூடு தணிந்தால் “அப்பாடா” என்கிறோம். இதில் ஜுரம் இறங்குகிற மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைதான் ஆபத்தான கட்டம். சூடு இறங்கிய பிறகு கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு, கை கால் சில்லிடுதல், குழந்தை துவண்டு சுருண்டு கிடத்தல், சிறுநீர் குறைதல் இவற்றில் எது கண்டாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓட வேண்டும். பொழுது விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. ஜுரத்துக்குப் பாரசிட்டமால் டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கலாம். உடம்பு வலிக்கென்று ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது. ரத்தக் கசிவை அவை அதிகப்படுத்தும். கஞ்சி, இளநீர், மோர் என்று நீராகாரம் நிறையப் போக வேண்டும்.

கடைசியாக, இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வியாழக்கிழமை வேலை அத்தனையையும் நீங்களே தலையில் போட்டுக் கொள்ள வேண்டாம். மொட்டை மாடித் தொட்டியின் மூடியைப் பார்ப்பது வீட்டுத் தலைவரின் இலாகா. பல வீடுகளில் அது விரிசல் விட்டோ, காற்றில் பறந்து போயோ இருக்கும். தொட்டி வைத்த நாளிலிருந்து யாரும் ஏறிப் பார்த்ததே இல்லை. நகரத்து மலேரியாக் கொசுவுக்கு அந்தத் தொட்டியும் மூடாத கிணறும்தான் தாய் வீடு. பேப்பரை மடித்து வைத்துவிட்டு ஒரு தடவை ஏறி இறங்கினால் அவருக்கும் தேகப் பயிற்சி ஆயிற்று. பையனுக்கு ஆட்டுக்கல்லையும் பூந்தொட்டிகளையும் ஒப்படையுங்கள். கூத்தாடிப் புழுவை எண்ணச் சொன்னால் உற்சாகமாகவே போவான். வியாழக்கிழமை மறந்து போனால் வெள்ளிக்கிழமை காலையில் செய்யலாம். சனிக்கிழமைக்குத் தள்ள வேண்டாம்.