இல்லத் தோட்டம்: மணக்கும் மரிக்கொழுந்து

திருவெளிப்பாட்டு நூலில் மூன்றாம் வானதூதர் எக்காளம் முழக்கியபோது விழுந்த விண்மீன், தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைக் கசப்பாக்கிற்று. அதன் பெயரை நம் மொழிபெயர்ப்புகள் 'எட்டி' என்கின்றன. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'அப்சிந்தோஸ்'. அது நம் நாட்டு எட்டி மரம் அன்று. ஆர்டிமீசியா என்னும் இனத்தைச் சேர்ந்த கசப்புச் செடி. அதே இனத்தில் பிறந்ததுதான் நம் பெண்மக்கள் கூந்தலில் சூடும் மரிக்கொழுந்து. கசப்புக்குப் பெயர்பெற்ற குடும்பத்தில் இத்தகைய நறுமணமும் பிறந்திருப்பது வியப்பன்றோ!

மரிக்கொழுந்து ஓராண்டுக்குள் வாழ்ந்து முடியும் சிறு செடி. பெருமழை அதற்குப் பகை. ஆகவே வடகிழக்குப் பருவமழையின் வேகம் தணிந்தபின், திருவருகைக் காலத்தை ஒட்டி விதைப்பது நலம். விதை தூளைப்போல் நுண்ணியது. நெடுநாள் வைத்தால் முளைப்புத்திறனை இழந்துவிடும். ஆதலால் சென்ற பருவத்து விதையையே கேட்டு வாங்குக. அதனை மெல்லிய மணலுடன் கலந்து, அகன்ற தொட்டியில் பரவலாகத் தூவி, மேலே சிறிதளவு மணலை மட்டும் இடுக. ஆழப் புதைத்தால் முளைக்காது. பூவாளியால் மென்மையாக நீர் தெளித்து வருதல் வேண்டும்.

ஏறத்தாழ ஆறு வாரங்களில் நாற்றுகளைப் பிடுங்கி, அரைச்சாண் இடைவெளியில் நடலாம். செம்மண், மணல், மட்கிய எரு ஆகியன கலந்த மண் ஏற்றது. தொட்டியானால் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது. நீர் தேங்கினால் வேர் அழுகும். நல்ல வெயிலும், அளவான ஈரமும் போதும். விதைத்து நான்கு மாதங்களில், தவக்காலம் முடியும் தறுவாயில், சிறு மஞ்சள் பூக்கள் அரும்பும். மணம் மிகுந்திருக்கும் அவ்வேளையே அறுவடைக்கு உரியது. அடியில் சிறிது தண்டை விட்டு வெட்டினால் மறுபடியும் தழைக்கும். இரண்டொரு செடிகளை மட்டும் வெட்டாது விட்டுவைத்தால் அடுத்த ஆண்டுக்கு விதை கிடைக்கும்.

இல்லத்தலைவியர்க்கு இங்கு ஒரு சொல். இவ்வினத்தின் மற்றொரு செடியாகிய ஆர்டிமீசியா ஆனுவாவிலிருந்து மலேரியாவுக்கான ஆர்டிமிசினின் என்னும் மருந்துப்பொருளைச் சீன அறிவியலார் து யூயூ அம்மையாரின் குழு 1972-இல் பிரித்தெடுத்தது. அதற்காக 2015-இல் அவருக்கு நோபல் பரிசும் கிட்டியது. இதைக் கேள்வியுற்று, காய்ச்சல் கண்ட குழந்தைக்கு இலையைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் போதும் என எண்ணுவோர் உண்டு. இது பேராபத்து. இலைக்கு இலை மருந்தின் அளவு மாறும். குறைந்த அளவில் உட்கொண்டால் நோய் தணிந்ததுபோல் தோன்றி மீண்டும் எழும். கிருமியும் மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். அதனாலேயே உலக சுகாதார நிறுவனம் இச்செடியின் தேநீரை மலேரியாவுக்குப் பரிந்துரைப்பதில்லை. மரிக்கொழுந்தோ அம்மருந்துக்குரிய செடியே அன்று. கருவுற்ற தாய்மார் இவ்வினச் செடிகளின் கஷாயத்தை அறவே தவிர்த்தல் வேண்டும். காய்ச்சல் கண்டால் இரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் சிகிச்சையுமே வழி.

படைப்பில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் பணி உண்டு. மரிக்கொழுந்தின் பணி மணம் தருவது. வரும் பாஸ்கா விழாவிற்கு நம் இல்லத்துத் தொட்டியில் வளர்ந்த ஒரு கொத்தேனும் பீடத்தை அலங்கரிக்கட்டும். அதற்கு இப்போதே தொட்டியையும் மண்ணையும் ஆயத்தம் செய்வோம்.