மூன்றாவது வரிசையில் நிற்கும் பையன்



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படிக்கலாம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றியது. "உங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் டீச்சர்?" என்று என் பழைய மாணவர்கள் கேட்பார்கள். 2024 செப்டம்பர் வரை எந்தச் சம்பந்தமும் இல்லை.

அந்த மாதம்தான் மகள் வீட்டுக்குப் போனேன். ஒஹையோ மாநிலத் தலைநகர் கொலம்பஸுக்குப் பக்கத்தில் டப்ளின் என்ற ஊர். கிட்டத்தட்ட ஆறு மாதம் இருந்தேன். அங்கே சனிக்கிழமை வந்தால் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆட்டம்தான் பேச்சு. கல்லூரிப் பையன்கள் ஆடுகிற ஆட்டம். ஆனால் மைதானத்தில் ஒரு லட்சத்து இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்கார இடம் இருக்கிறது. கடைக்காரர், தபால்காரர், பல் டாக்டர் எல்லோரும் சிவப்புச் சட்டை. எங்கள் மாப்பிள்ளை அங்கேயே எம்.எஸ். படித்தவர். அவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நாம் ஃபுட்பால் என்று சொல்கிற ஆட்டம் இல்லை இது. தேங்காய் மாதிரி நீண்ட பந்து. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், எறிகிறார்கள், மேலே விழுந்து அமுக்குகிறார்கள். ஒரு நேரத்தில் களத்தில் 11 பேர்தான். ஆனால் பந்து நம்மிடம் இருக்கும்போது ஆட ஒரு 11 பேர், எதிரணியிடம் இருக்கும்போது தடுக்க வேறு 11 பேர், பந்தை உதைக்கிற நேரத்துக்கு இன்னும் சிலர். மோதி விழுகிற ஆட்டம் என்பதால் காயமும் அதிகம். ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் முதல் ஆள், இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள் என்று வரிசை எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத்தான் 'டெப்த்' என்கிறார்கள்.

மாப்பிள்ளையும் அவர் நண்பர்கள் நாலைந்து பேரும் கூடினால் ஆட்டத்தைவிட இந்த டெப்த் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். நான் பஜ்ஜியும் டீயும் கொண்டுபோய் வைக்கும்போது காதில் விழும். "லைன்ல டெப்த் பத்தாது." "இவனை ஃபைவ் ஸ்டார்னாங்க, சுத்த வேஸ்ட்." "போர்ட்டல்ல ஒருத்தனைத் தூக்கிட்டு இவனைக் கழட்டி விட்றணும்."

ஒரு நாள் கேட்டே விட்டேன். "எதைக் கழட்டி விடணும் மாப்பிள்ளை?"

"ஒரு பையனை அத்தை. சரியா ஆட மாட்டேங்கிறான்."

"என்ன வயசு அவனுக்கு?"

"பத்தொன்பது இருக்கும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்தொன்பது வயதில் நான் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, கரும்பலகையில் நேராக ஒரு வரி எழுத வராமல் தடுமாறிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கழட்டி விடவில்லை.

அதன் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பள்ளியில் படிக்கும் பையனுக்கே இரண்டு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று மதிப்பெண் போடுகிறார்கள். டிசம்பரில் அவர்கள் எந்தக் கல்லூரி என்று கையெழுத்துப் போடுவதற்காக ஊரே காத்திருக்கிறது. கிடைத்தால் கொண்டாட்டம், வேறு கல்லூரிக்குப் போனால் வசை. இத்தனைக்கும் அந்தப் பையன் பன்னிரண்டாம் வகுப்பு.

இந்தத் தேடலில்தான் கார்டேல் ஜோன்ஸ் பற்றித் தெரிந்துகொண்டேன். கிளீவ்லாந்து நகரத்துப் பையன். 2012-இல் ஒஹையோ ஸ்டேட்டில் சேர்ந்தான். அந்த வருடமே ட்விட்டரில், நாங்கள் இங்கே வந்தது ஃபுட்பால் ஆட, வகுப்புக்கு எதற்குப் போக வேண்டும் என்கிற மாதிரி எழுதி நாடு முழுக்கத் திட்டு வாங்கினான். என் வகுப்பில் இருந்திருந்தால் நானும் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

2014-இல் அவன் ஆடுகிற இடத்தில், அதாவது பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் இடத்தில், அவன் மூன்றாவது ஆள். முதல் ஆள் ப்ராக்ஸ்டன் மில்லருக்கு ஆகஸ்டில் தோள்பட்டையில் அடி. இரண்டாம் ஆள் ஜே.டி. பாரெட் அருமையாக ஆடி வந்தார். நவம்பர் கடைசியில் மிச்சிகன் ஆட்டத்தில் அவருக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. ஒரே வாரத்தில் பெரிய ஆட்டம். கல்லூரிக்கு வந்து மூன்றாவது வருடத்தில், முதல் முறையாக, ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே கார்டேல் இறங்கினான். விஸ்கான்சினை 59-0 என்று ஜெயித்தார்கள். அடுத்து அலபாமாவை 42-35. 2015 ஜனவரி 12 அன்று ஆரிகனை 42-20 என்று வென்று நாட்டின் சாம்பியன் ஆனார்கள்.

அப்போதே தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். போகாமல் இன்னும் ஒரு வருடம் கல்லூரியில் இருந்தான். 2016-இல்தான் போனான். போன பிறகும் விட்ட பாடங்களை முடித்து 2017-இல் பட்டம் வாங்கினான். பட்டமளிப்புத் தொப்பியின் மேல் தன் பழைய ட்வீட்டையே கேலியாக எழுதி வைத்துக்கொண்டு வந்தானாம். படிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். "அது பழைய காலம் அத்தை. இப்ப மூணாவது ஆள் எவனும் காத்திருக்க மாட்டான், போர்ட்டல்ல போயிடுவான்" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. முன்பெல்லாம் ஃபுட்பால் ஆடும் பையன் கல்லூரி மாறினால், பெரும்பாலும் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். பயிற்சியாளருக்கு அப்படி எந்தத் தண்டனையும் கிடையாது. அதிக சம்பளம் கிடைத்தால் மறுநாளே மூட்டை கட்டலாம். இது அநியாயம் இல்லையா? 2018-இல் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற பட்டியல் வந்தது. மாற விரும்புகிறவன் அதில் பெயர் பதிய வேண்டும். 2021-இல் ஒரு முறை தண்டனை இல்லாமல் மாறலாம் என்றார்கள். 2024 முதல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து அவர்கள் சம்பாதிக்கலாம். அவர்கள் உழைப்பில் எல்லோரும் சம்பாதிக்கும்போது அவர்களும் சம்பாதிக்கட்டும். இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை.

போனவர்கள் கெட்டுப்போனதாகவும் சொல்ல முடியாது. அதே ஒஹையோ ஸ்டேட்டில் ஜோ பர்ரோ என்று ஒரு பையன். அவனும் மூன்று வருடம் வரிசையில் நின்றான். மூன்றே வருடத்தில் பட்டம் வாங்கிவிட்டு, 2018-இல் லூசியானாவில் உள்ள எல்.எஸ்.யு.வுக்கு மாறினான். 2019-இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது, அடுத்த மாதமே தேசிய சாம்பியன்.

ஒருவன் இருந்து ஜெயித்தான், இன்னொருவன் போய் ஜெயித்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு பேரையும் ஆடவிடாமல் இருந்தபோதும், மூன்று வருடம் ஒரு கல்லூரி வைத்துச் சோறு போட்டது, பாடம் சொல்லிக் கொடுத்தது, பயிற்சி கொடுத்தது. அந்த மூன்று வருடம் இல்லாமல் இரண்டு பேரும் இல்லை.

"போன ஜனவரி சாம்பியன் ஆனது வெளியிலேருந்து கூட்டிட்டு வந்த ஆளாலதானே அத்தை?" என்று மாப்பிள்ளை மடக்கினார். உண்மைதான். வில் ஹவர்ட் கான்சாஸ் ஸ்டேட்டிலிருந்து வந்த ஒரே வருடத்தில் கோப்பை வாங்கிக் கொடுத்தார். ஆனால் அதற்கு முன் நாலு வருடம் அவரை வளர்த்தது யார்? கான்சாஸ் ஸ்டேட். எல்லோரும் அடுத்தவர் தோட்டத்தில் காய் பறிப்பது என்று கிளம்பிவிட்டால், விதை போடுவது யார்?

ரசிகர்களின் நாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று மிச்சிகனிடம் 13-10 என்று தோற்றோம். (பாருங்கள், எனக்கே 'தோற்றோம்' என்று வருகிறது.) தொடர்ந்து நாலாவது தோல்வி. அன்று சாயங்காலம் எங்கள் வீட்டிலேயே பயிற்சியாளர் ரையன் டேவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஏழு வாரம் கழித்து, ஜனவரி 20 அன்று, நோட்டர்டேமை 34-23 என்று வென்றபோது அதே வாய்கள் அவரைத் தெய்வம் என்றன. அவர் பெரிய மனிதர், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர், தாங்கிக்கொள்வார். பத்தொன்பது வயதுப் பையன் ராத்திரி விடுதி அறையில் படுத்துக்கொண்டு போனில் இதையெல்லாம் படிப்பானே, அவன் எங்கே போவான்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் ஊர் திரும்பிய பிறகு, 2025 ஜூன் 6 அன்று, அமெரிக்க நீதிமன்றம் ஒரு பெரிய சமரசத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கல்லூரிகள் இனி ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் வருடத்தில் ஒரு கல்லூரி எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. நல்லது. ஆனால் அதோடு இன்னொன்றும் வந்தது. இந்த ஏற்பாட்டில் சேரும் கல்லூரியின் ஃபுட்பால் அணியில் 105 பேருக்கு மேல் இருக்கக் கூடாது.

முன்பு உதவித்தொகை 85 பேருக்குத்தான். ஆனால் அதற்கு மேல் தங்கள் செலவில் படித்துக்கொண்டு அணியில் சேரும் பையன்கள் இருப்பார்கள். 'வாக்-ஆன்' என்று பெயர். பல அணிகளில் மொத்தம் 120 பேர் தாண்டும். இவர்கள் வேலை என்ன தெரியுமா? அடுத்த வாரம் மோதப்போகும் எதிரணி எப்படி ஆடுமோ அப்படி ஆடிக் காட்டி, முதல் வரிசைக்காரர்களுக்குப் பழக்கம் கொடுப்பது. பலர் ஒரு ஆட்டத்தில்கூட இறங்காமலே படிப்பை முடிப்பார்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறை தேசியக் கோப்பை வாங்கிக் கொடுத்த ஸ்டெட்சன் பென்னட் இப்படி நுழைந்தவர்தான்.

இடம் இழக்கப்போகும் பையன்களுக்கு ஒரு வழி சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நீதிபதி கிளாடியா வில்கன் பிடிவாதமாக இருந்தார். அதனால், ஏற்கெனவே இருந்தவர்களைக் கல்லூரி விரும்பினால் அந்தக் கணக்கில் சேர்க்காமல் வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு. ஆனால் இனிமேல் வரப்போகிறவர்களுக்கு அந்த இடமே கிடையாது.

"அவங்க ஆடவே மாட்டாங்களே அத்தை, இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" மாப்பிள்ளை போனில் கேட்ட கேள்வி இது. இதற்குப் பதிலாகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

1990-களில் நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளியில் பி.டி. மாஸ்டர் கிடையாது. பெண் பிள்ளைகளின் கோ-கோ டீமை நான்தான் குறுவட்டப் போட்டிக்குக் கூட்டிப் போவேன். பன்னிரண்டு பேர் பெயர் கொடுக்க வேண்டும். ஒன்பது பேர் ஆடுவார்கள். ஒரு வருடம் அந்தப் பன்னிரண்டாவது பெயர் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை. தினமும் காலை ஆறரை மணிக்கு முதல் ஆளாக வருவாள். எங்கள் ஒன்பது பேர் விரட்டிப் பழகுவதற்காக எதிரணியாக ஓடு ஓடு என்று ஓடுவாள். போட்டியன்று மற்றவர்களின் செருப்புக்கும் பைக்கும் காவல் இருந்தாள். முதல் ஆட்டத்தில் நாங்கள் நிறைய புள்ளி முன்னால் இருந்தோம். பத்து நிமிடம் அவளை இறக்கியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. கோபமோ பாரபட்சமோ கிடையாது, அவள் ஞாபகமே வரவில்லை. அந்த வருடத்தோடு அவள் படிப்பும் நின்றது.

பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். கூடவே பத்து வயதில் ஒரு மகள். காலில் விழப்போனவளைத் தடுத்தேன். மகளிடம் சொன்னாள்: "இவங்கதான்டி என்னை ஸ்கூல் டீம்ல எடுத்த டீச்சர்."

மகள் கேட்டாள்: "நீ நல்லா ஆடுவியாம்மா?"

"டீம்ல இருந்தேன்டி."

அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். நான் தலையை நிமிர்த்தவில்லை. ஆடவிடாதது என் தப்பு. அதற்கு இன்று வரை எனக்கு வருத்தம். ஆனால் அந்தப் பன்னிரண்டாவது இடம் அவளுக்கு என்னவாக இருந்தது என்பதும் அன்றுதான் புரிந்தது. அந்த இடத்தையே எடுத்துவிட்டு, ஆடுகிற ஒன்பது பேர் போதும் என்று விதி வைத்திருந்தால், அவளுக்கு மகளிடம் சொல்ல எதுவும் இருந்திருக்காது.

ஆகவே மாப்பிள்ளைக்கும் அவர் நண்பர்களுக்கும் நான் சொல்வது இதுதான். பையன்கள் சம்பாதிக்கட்டும். பிடிக்காவிட்டால் வேறு கல்லூரிக்குப் போகட்டும். ஆனால் 105 என்ற கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள் என்று உங்கள் கல்லூரிக்கு எழுதுங்கள். பழைய மாணவர் என்று நன்கொடை கேட்டு உங்களுக்குக் கடிதம் வருகிறதே, அதற்குப் பதில் எழுதும்போது கேளுங்கள். எத்தனை ஃபைவ் ஸ்டார் வந்தார்கள் என்று எண்ணுவதுபோல், எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். 'வேஸ்ட்' என்ற வார்த்தையை உங்கள் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டில் என் பேரன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் இன்னும் எட்டு வருடத்தில் பத்தொன்பது வயது ஆகும்.

கடைசியாக என் பழைய மாணவிகளுக்கு. என் கோ-கோ டீமில் பெயர் இருந்தும் களத்தில் இறங்காத பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். எந்த வருடம் என்றும் எழுதுங்கள். ஆடியவர்கள் பெயர் என் நோட்டில் இருக்கிறது. உங்கள் பெயர்களையும் எழுதி வைக்க வேண்டும்.