மீனும் மரியாதையும்

சைவ நேயர்கள் இந்த வாரம் நம்மை மன்னிக்க வேண்டும். எழுத வந்த விஷயம் மீனைப் பற்றியது. அதிலும் வேகாத மீனைப் பற்றியது. ஆயினும் முடிவு வரையில் பொறுமையுடன் படிப்பவர்களுக்கு, மீனைக் காட்டிலும் மனிதரைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறோம் என்பது விளங்கும்.

கோடை விடுமுறையில் சென்னைக்குப் போயிருந்தோம். சகோதரியின் குமாரர், அதாவது நம் மருமகன், அங்கே ஒரு மோட்டார் கம்பெனியில் இஞ்சினீயராக இருக்கிறார். "மாமா, நாளை ராத்திரி உங்களை ஓர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன். அந்த மாதிரிச் சாப்பாட்டை நீங்கள் வீரபாண்டியில் பார்த்திருக்க மாட்டீர்கள்" என்றார். நம் ஊரில் முல்லைப் பெரியாறு உண்டு. கௌமாரியம்மன் கோயில் உண்டு. சித்திரைத் திருவிழாவில் கூடும் ஜனத்திரள் உண்டு. இவற்றை நீ சென்னையில் பார்த்திருக்கிறாயா என்று கேட்க நினைத்தோம். ஆனால் விருந்துக்கு அழைப்பவரிடம் வாதம் செய்வது அழகல்ல என்று சும்மா இருந்துவிட்டோம்.

போய்ச் சேர்ந்த இடம் நகரத்தின் நடுவில், பெரிய ஹோட்டல் ஒன்றின் மாடியில் இருந்தது. உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. விளக்குகள் தணிந்து எரிந்தன. ஹோட்டல் என்றால் தம்ளர் ஓசையும், "ரெண்டு ஊத்தப்பம்!" என்ற கூவலும் இருக்க வேண்டும் என்று பழகிய நமக்கு, கச்சேரி ஆரம்பிக்குமுன் சங்கீத சபைக்குள் நுழைந்துவிட்டது போல் இருந்தது. விலைப் பட்டியலைக் கொண்டுவந்து வைத்தார்கள். முதலில் வலது பக்கத்தைப் பார்ப்பது உபாத்தியாயர்களின் வழக்கம். ஆறு துண்டு மீன் கொண்ட ஒரு தட்டின் விலைக்கு நம் வீட்டில் ஆறு ஞாயிற்றுக்கிழமைக்கு மீன் வாங்கிவிடலாம். பட்டியலை மெதுவாக மூடி மருமகனிடம் தள்ளிவிட்டோம்.

"இவ்வளவு பணம் கொடுத்துப் பச்சை மீன் சாப்பிடுகிறவர்கள் சென்னையில் யார் அப்பா?" என்று கேட்டோம்.

"முதலில் ஜப்பானியர், பிறகு நம்மவர்" என்றார் அவர். சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கங்களில் மோட்டார்த் தொழிற்சாலைகள் பெருகின. ஒரகடத்தில் ரெனோவும் நிஸ்ஸானும் சேர்ந்து அமைத்த தொழிற்சாலை 2010-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்டது. இயந்திரங்களோடு ஜப்பானிய இஞ்சினீயர்களும் வந்தார்கள். அவர்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டைத் தேடினார்கள். அவர்களுக்காகத் திறந்த கடைகளில் அவர்களோடு வேலை செய்த நம்மவர்களும் உட்காரத் தொடங்கினார்கள். பம்பாயில் இந்த மோகம் முன்னதாகவே வந்துவிட்டது. தாஜ் மகால் ஹோட்டலில் மொரிமோட்டோ என்ற பிரசித்தி பெற்ற ஜப்பானிய சமையல் நிபுணரின் பெயரால் 2004-லேயே ஒரு போஜனசாலை திறந்தார்கள்.

தட்டு வந்தது. விரல் நீளம் பிடித்த சோற்றுக் கட்டி. அதன் மேல் மெல்லியதாக அரிந்த மீன். இதற்குத்தான் சுஷி என்று பெயர். மீனை விடச் சோறுதான் நம்மைக் கவர்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் பூமிக்காரர்கள் நாம். சோற்றில் குறை கண்டுபிடிப்பது நமது பிறப்புரிமை. ஆனால் அந்தச் சோற்றில் குறை சொல்ல முடியவில்லை. காடியும் சர்க்கரையும் உப்பும் கலந்து, கைச்சூடு மாறாமல் இருந்தது. கொஞ்சம் புளிப்பு. எங்கோ உண்ட ருசியாயிற்றே என்று யோசித்தோம். பழைய சோறு!

யோசனை தவறில்லை என்பது பிற்பாடு புத்தகங்களைப் புரட்டியபோது தெரிந்தது. சுஷியின் பூர்வீகம் பழைய சோறும் கருவாடுமே ஆகும் என்று சொன்னால் பிழையில்லை. ஜப்பானில் பிவா என்ற பெரிய ஏரி இருக்கிறது. அதில் அகப்படும் கெண்டை இனத்து மீனை உப்பிட்டு, சோற்றுக்குள் புதைத்து, மாதக் கணக்கில் வைப்பார்கள். சோறு புளிக்கும், அந்தப் புளிப்பு மீனைக் கெடாமல் காக்கும். பண்டைக் காலத்தில் மீனைத் தின்றுவிட்டுச் சோற்றை எறிந்துவிடுவார்களாம். இப்போது நாம் உண்ணும் சுஷி மிகவும் இளையது. டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் வழங்கிய நாளில், சுமார் 1820-களில், தெருவோரக் கடைகளில் பிறந்தது. ஹனயா யோஹெய் என்பவரை அதன் பிதா என்று சொல்வார்கள். வேலைக்குப் போகிறவன் நின்றபடியே இரண்டு கட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டு போவான். நம் ஊர் பாஷையில் சொன்னால், அது கையேந்தி பவன்! கையேந்தி பவன் மாடி ஏறி, விளக்கைத் தணித்துக்கொண்டு, ஆறு துண்டுக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறது. காலம் செய்யும் வேடிக்கைகளில் இதுவும் ஒன்று.

நிற்க. நாம் சொல்ல வந்தது இதுவல்ல.

அந்தக் கூடத்தின் ஒரு புறத்தில் நீண்ட மரப்பலகை போட்டிருந்தது. அதற்கு அப்புறம் வெள்ளை அங்கி தரித்த ஓர் இளைஞர் மீன் அரிந்துகொண்டிருந்தார். பலகைக்கு எதிரே நாற்காலிகள். அங்கே உட்கார்ந்து அவர் கைவேலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதற்கு முன்கூட்டியே இடம் சொல்லி வைக்க வேண்டுமாம். கத்தியை ஒரே இழுப்பில் இழுத்தார், மறுபடி அறுக்கவில்லை. ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் கத்தியைத் துடைத்தார். நான்கு பெரிய மனிதர்கள், பேச்சை நிறுத்திவிட்டு, அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் நிமிர்ந்தபோது நம்மைப் பார்த்தார். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போனார். கதவின் கண்ணாடி வழியாக, அவர் சோப்புப் போட்டு இருமுறை கை கழுவியது நமக்குத் தெரிந்தது. நம் மேஜைக்கு வந்து இரண்டடி தள்ளியே நின்றார்.

"வீரபாண்டி ஸார்தானே? உங்களிடம் எட்டாம் வகுப்புப் படித்தேன்" என்றார்.

யார் என்பது நமக்கு உடனே தெரிந்துவிட்டது. முகத்தைக் கண்டு அல்ல. அந்த இரண்டடித் தூரத்தைக் கண்டு.

பதினாறு வருஷங்களுக்கு முந்தைய சமாசாரம். அந்தப் பையனின் தகப்பனார் நம் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறவர். வைகை அணையில் பிடிக்கும் கட்லா, ரோகு, ஜிலேபி மீன்களை விடியற்காலையில் வாங்கி, சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருவார். பையன் தராசு பிடித்துக்கொடுத்துவிட்டு, அப்படியே பள்ளிக்கூடத்துக்கு ஓடி வருவான். கெட்டிக்காரன், கணக்கில் முதல் பெஞ்சு. ஒரு நாள் மழை. ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். பக்கத்துப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். வகுப்பு சிரித்தது. நாமும், சண்டை வேண்டாம் என்ற நல்லெண்ணத்தினால்தான், "நீ போய்க் கடைசி பெஞ்சில் ஜன்னல் ஓரமாக உட்கார்" என்று அவனிடம் சொன்னோம். அவன் போய் உட்கார்ந்தான். மழை மறுநாளே நின்றுவிட்டது. ஆனால் அந்த வருஷம் முழுவதும் அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். முன்னுக்கு வா என்று சொல்ல நமக்கு நினைவே வரவில்லை.

அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாம் தொழிலைப் பற்றிக் கேட்டதும் ஆர்வத்துடன் சொன்னார். பச்சையாக உண்ணும் மீனில் புழு இருக்கக்கூடும். ஆகையால் உறை நிலைக்குக் கீழே இருபது டிகிரிக் குளிரில் ஏழு நாள் வைத்த பிறகே பலகைக்கு வரும். ஆற்று மீனையும் குளத்து மீனையும் இப்படிப் பச்சையாக உண்ணவே கூடாது. ஜப்பானில் நல்ல மீனவன் மீனைத் துடிக்கவிட மாட்டான். மூளையில் ஒரு குத்துக் குத்தி உடனே உயிர் போக்குவான். துடித்துச் செத்த மீனின் சதை சீக்கிரம் கெட்டுவிடுமாம். கத்தியைத் தொடுவதற்கு முன்னால் பல மாதம் அரிசி கழுவினதாகச் சொன்னார்.

"தகப்பனாருக்கு ரொம்ப சந்தோஷமாக இருக்குமே, தம்பி?" என்றோம்.

அவர் சிரித்தார். "பெரிய ஹோட்டலில் வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், ஸார். மீன் அறுக்கிற வேலை என்று சொல்லவில்லை. அதிலிருந்து வெளியே போகட்டும் என்றுதானே படிக்க வைத்தார்."

அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. டோக்கியோவில் டொயோஸு என்ற மீன் சந்தை 2018-இல் திறந்தது. மறு வருஷம் ஜனவரியில் அங்கே 278 கிலோ எடையுள்ள ஒரே ஒரு சூரை இன மீனை 33 கோடியே 36 இலட்சம் யென்னுக்கு ஏலம் எடுத்தார்கள். மீன் மீன்தான்; பணம் கூடினால் வாடை குறைந்துவிடுகிறதா? கொழும்புக் கோட்டையில், டச்சுக்காரர் காலத்து ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில், 2011-இல் நண்டுக்கென்றே ஒரு போஜனசாலை ஏற்பட்டது. தர்ஷன் முனிதாச என்பவர், ஜயவர்தன, சங்கக்கார என்ற இரு கிரிக்கெட் வீரர்களோடு சேர்ந்து தொடங்கியது. தகப்பனார் இலங்கையர், தாயார் ஜப்பானியர். 1995-லேயே கொழும்பில் ஜப்பானியச் சாப்பாட்டுக் கடை வைத்தவர். இலங்கைக் களப்பு நண்டுகள் அதுவரை கப்பலேறிச் சிங்கப்பூரில் போய்ப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தன. சொந்த ஊரிலேயே அவற்றுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்த பெருமை இவர்களுடையது. அப்படிப்பட்ட மரியாதைக்கு உரிய பொருள்கள் நம்மிடம் இல்லையா? மதுரைப் பக்கத்தில் அயிரை மீனை உயிரோடு பாலில் விட்டு, சேற்றைக் கக்க வைத்து, பிறகே குழம்பில் இடுவார்கள். எந்த ஜப்பானிய நிபுணருக்கும் குறைந்த நுணுக்கமா அது? மினிக்காய்த் தீவில் சூரையை வேகவைத்துப் புகையூட்டிக் காயவைக்கும் மாசியும், ஜப்பானியர் தங்கள் ரசத்துக்கெல்லாம் ஆதாரமாகக் கொள்ளும் கட்ஸுவோபுஷியும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். அது கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. இது மளிகைக் கடை மூலையில் சாக்கில் கிடக்கிறது. பிறர் தொழிலை அவர் வீட்டில் கண்டால் கலை என்கிறோம். நம் தெருவில் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, தகப்பனார் வந்தார். சைக்கிள் போய் இப்போது மொபெட் வந்திருக்கிறது, பெட்டி அதேதான்.

"பையனப் பார்த்தீகளாமே ஸார்? போன்ல சொன்னான். என்ன வேலைதான் பார்க்கிறான்? கேட்டா மழுப்புறான்."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வாங்க, உட்காருங்க. மீன் அரிகிற வேலை" என்றோம்.

அவர் தராசைக் கீழே வைத்தார். "அந்த வாடை அவன விடலியா ஸார் இன்னும்?"

பார்த்ததையெல்லாம் சொன்னோம், கத்தியின் ஒரே இழுப்பையும், பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்த பெரிய மனிதர்களையும். அதோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. கடைசி பெஞ்சு விஷயத்தையும் சொன்னோம்.

"தெரியும் ஸார். அன்னிக்கு ராத்திரிதான், இனிமே தராசு பிடிக்க வர மாட்டேன்னு அழுதான். நானும் அவன மீன் பக்கம் விடல" என்றார் அவர். கோபமில்லை, நடந்ததைச் சொன்னார். பதினாறு வருஷமாக இதை மனத்தில் வைத்துக்கொண்டே, ஞாயிறு தவறாமல் நம் வீட்டுக்கு நல்ல மீனாகப் பார்த்துக் கொடுத்து வந்திருக்கிறார்.

சற்று நேரம் கழித்து, "ஒரே இழுப்புலயா அரிகிறான்?" என்று கேட்டார்.

"ஒரே இழுப்பில்."

"அது எங்கப்பாருக்கு வரும். எனக்கு வராது" என்று சொல்லி, தராசை எடுத்தார்.

அன்று நாம் பேரம் பேசவில்லை. அது பெரிய பிராயச்சித்தம் ஒன்றும் அல்ல என்பது நமக்குத் தெரியும். ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்ததும் வேறொன்று செய்தோம். இப்போது நம் வகுப்பில் திங்கட்கிழமைதோறும் பெஞ்சு மாறும். முதல் பெஞ்சுக்காரன் கடைசிக்குப் போவான். கடைசிக்காரன் முன்னுக்கு வருவான். வெயிலானாலும் மழையானாலும் ஜன்னல்களைச் சாத்துவதில்லை. சாரல் அடித்தால் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் நாமே உட்கார்ந்துகொள்கிறோம்.