நாகப்பட்டினத்தாருக்கு ஒரு மடல்

அன்பார்ந்த உற்றாருக்கும் தெருவாருக்கும்,

நாகூரில் கந்தூரிக் கொடி ஏறுகையில் இந்துக்களான நம்மவர்களும் திரளாகக் கூடி நிற்பதும், பிள்ளைக்குச் சீக்கென்றால் தர்காவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் நேற்று இன்று ஏற்பட்ட வழக்கமல்லவாகையால், ‘நம்மிடம் துவேஷம் கிடையாது’ என்று நீங்கள் சொல்லும்போது நான் மறுக்கப் போவதில்லை. ஆயினும் துவேஷம் இல்லாத இடத்திலும் இளப்பம் இருக்கக்கூடும் என்பதும், அது வசவைக் காட்டிலும் பாராட்டிலும் பரிதாபத்திலும், அதிலும் முஸ்லிம் பெண்களைப் பற்றிய சம்பாஷணையில், வெகு சௌகரியமாகக் குடியிருக்கிறது என்பதுமே இலண்டனிலிருந்து நான் செய்யும் முறையீடு.

கல்யாண வீட்டில் ஒரு பெண்ணிடம், ‘பார்த்தால் முஸ்லிம் மாதிரியே தெரியவில்லையே அம்மா!’ என்று நாம் வாஞ்சையோடு சொல்கிறோம். தலைமுறை தலைமுறையாகத் தமிழைத் தவிர வேறொன்றும் பேசியறியாத வீட்டுப் பெண்ணிடம், ‘இவ்வளவு நன்றாகத் தமிழ் பேசுகிறாயே!’ என்று வியக்கிறோம். பாங்கியில் வேலை பார்ப்பவளிடம், ‘வீட்டுக்காரர் வேலைக்கு விடுகிறாரா?’ என்று விசாரிக்கிறோம். சம்பளம் முழுவதையும் புருஷன் கையில் கொடுத்துவிட்டு பஸ் காசுக்கு அவனிடமே கேட்கும் அடுத்த நாற்காலிக்காரியை, நம் ஜாதிக்காரி என்பதால், அப்படி யாரும் விசாரிப்பதில்லை.

2023 செப்டம்பரில் ஆதித்யா விண்கலம் சூரியனை ஆராயப் புறப்பட்டபோது, அதன் திட்ட இயக்குநரான செங்கோட்டை நிகார் ஷாஜியைப் புகழ்ந்து நம் உறவினர் வாட்ஸப் குழுவில் வந்த செய்திகளில், ‘முஸ்லிம் பெண்ணாக இருந்தும்’ என்ற அடைமொழி இல்லாதது அபூர்வம். விண்கலத்தைவிட அதுவே நம்மவர்க்கு அதிசயமாய்ப் போயிற்று! பக்கத்து நாகூரில் 1917-ல் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோன சித்தி ஜுனைதா பேகம் 1938-லேயே ‘காதலா கடமையா’ என்ற நாவலை வெளியிட்டு, உ.வே. சாமிநாதையரின் பாராட்டையும் பெற்றவர் என்பதை அறிந்தவர்கள், இத்தனை காலத்துக்குப் பின்னும் இப்படி ஆச்சரியப்பட்டுக்கொண்டிருப்பதற்குச் சிறிது கூச்சமாவது படவேண்டாமா?

பரிதாபமோ இன்னும் விசித்திரமானது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு கொடுத்து, மருமகனை அந்த வீட்டுக்கு வரவழைத்து வைத்துக்கொள்ளும் சம்பிரதாயம் நெடுங்காலமாக உண்டு. கல்யாணமான மறுநாளே பெட்டியோடு புக்ககம் போய், ஆயுள் முழுவதும் ‘உன் வீடா இது?’ என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும் நாம், அந்தச் சொந்த வீட்டுக்காரிகளைப் பார்த்து, ‘பாவம், அடைந்து கிடக்கிறார்கள்’ என்று பெருமூச்சு விடுகிறோம்.

‘அவர்கள் வீடுகளில் கட்டுப்பாடே இல்லையா?’ என்று கேட்பீர்கள். இருக்கிறது. துவரங்குறிச்சியில் பருவமடைந்த வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சல்மா, ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ என்னும் தம் நாவலில் அந்தக் கட்டுப்பாட்டை ஒளிக்காமல் எழுதினார். தம் வீட்டாரோடு அவர் நடத்திய வழக்கில் நம்மை எவரும் நீதிபதியாக நியமிக்கவில்லை. நம் வீட்டு வழக்குகளே தீர்ப்பின்றிக் கிடக்கின்றன.

நான் இருக்கும் இங்கிலாந்தில் 2018-ல், மறுவருஷமே பிரதம மந்திரியான போரிஸ் ஜான்சன், முகம் மூடிய முஸ்லிம் ஸ்திரீகளைத் தபால் பெட்டிக்கு ஒப்பிட்டுப் பத்திரிகையில் எழுதினார். பகிரங்கமாக எழுதியதைப் பகிரங்கமாகக் கண்டிக்கவும் முடிந்தது. ஆனால் என் நெற்றிப் பொட்டைப் பார்த்துக்கொண்டே, ‘உங்களுக்குப் பெற்றோர் பார்த்துச் செய்த கல்யாணம்தானே, சந்தோஷமாகத்தான் இருக்கிறீர்களா?’ என்று கனிவாக விசாரிக்கும் வெள்ளைக்காரச் சிநேகிதியை எந்த வார்த்தையால் கண்டிப்பது? அந்தக் கனிவு எனக்குப் புதிதல்ல. நாம் நாகூர்ப் பெண்களிடம் காட்டிவந்ததன் நகலே அது.

பெருநாள் பிரியாணியை வாங்கி உண்பதோடு சௌஹார்த்தம் பூர்த்தியாகிவிட்டதாக எண்ணாதீர்கள். உங்கள் கூடத்தில் எவரேனும் அந்தப் பெண்களைப் புகழ்ச்சியாலோ இரக்கத்தாலோ சிறுமைப்படுத்தும்போது, பெரியவராயிற்றே என்று பாராமல் அங்கேயே இடைமறியுங்கள். அவர்களோடு பேச நேர்ந்தால், உங்கள் பெண்ணிடம் கேட்பதையே, பரீட்சை எப்படி எழுதினாய், சம்பளம் உயர்ந்ததா என்பதையே, கேளுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் ஊர்ப் பெண்