கம்பெனி வழக்கறிஞரும் நெய்தல் நிலமும்

சென்ற கோடை விடுமுறையில் நண்பர் சிலருடன் எண்ணூரை அடுத்த நெட்டுக்குப்பத்திற்கு யாம் சென்றிருந்தோம். கொசத்தலையாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்த மீனவர் ஊர் அது. ஒருபால் வலையும் படகும். மற்றொருபால் வானளாவிய புகைபோக்கிகள். வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், யாம் கல்லூரி மாணவர் என அறிந்ததும், "எதைக் கேட்டாலும் கம்பெனி சொல்லுது, கம்பெனி சொல்லுதுங்கிறாங்களே தம்பி, அந்தக் கம்பெனிங்கிறது யாருப்பா?" என்று வினவினார். உடன் வந்தோர் நகைத்தனர். எமக்கு நகைப்பு வரவில்லை, விடையும் வரவில்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

கம்பெனி என்பது ஊனும் உயிரும் இல்லாத ஓர் ஆள். பங்குதாரர் வேறு, கம்பெனி வேறு என்பதை 1896-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சாலமன் வழக்கில் நிலைநாட்டியது. அவ்வாள் நிலம் வாங்கும், கடன் படும், வழக்கும் தொடுக்கும். ஆயினும் அதற்கு வாயில்லை, கையில்லை. அதன் பொருட்டு எழுதுவோரும் பேசுவோரும் வேண்டும். அவருள் தலையாயவர் கம்பெனி வழக்கறிஞர்.

வழக்கறிஞர் என்றவுடன் கறுப்பு அங்கி அணிந்து நீதிபதி முன் வாதிடுவோரே நம் மனக்கண் முன் தோன்றுவர். கம்பெனி வழக்கறிஞர் பலர் நீதிமன்றப் படியை ஏறுவதே அரிது. அவர்தம் தொழிற்களம் எழுதுமேசையே. ஐந்தாண்டுச் சட்டப்படிப்பை முடித்து நேரே வந்தோர் ஒரு சாரார். வேறு பட்டம் பெற்றபின் மூன்றாண்டு சட்டம் பயின்றோர் மற்றொரு சாரார். கணக்காயராகவோ கம்பெனிச் செயலராகவோ பொறியியலாளராகவோ இருந்து பின்னர்ச் சட்டத்துறை புகுந்தோரும் உளர். சிலர் சட்ட நிலையங்களிற் பங்காளிகளாயிருந்து பல கம்பெனிகளுக்கு அறிவுரை பகர்வர். சிலர் ஒரே கம்பெனியில் மாதச் சம்பளத்திற்கு அமர்வர். பின்னவர், வழக்கறிஞர் மன்ற விதிகளின்படி, அவ்வேலையில் உள்ளவரை வழக்கறிஞராகத் தொழில் நடத்துதல் கூடாது.

இவர்தம் பணித்துறைகளை எண்ணூர்க் கரையிலேயே காணலாம். எண்ணூர்த் துறைமுகம் 1999-இல் கம்பெனியாகப் பதிவு பெற்றது. இந்தியாவின் பெருந்துறைமுகங்களுள் கம்பெனி வடிவம் கொண்டது அதுவே முதலாவது. 2014-இல் அது காமராசர் பெயர் பெற்றது. 2020-இல் மத்திய அரசின் வசமிருந்த 66.67 விழுக்காட்டுப் பங்கைச் சென்னைத் துறைமுகம் வாங்கிக்கொண்டது. கம்பெனி அமைத்தல், பங்கு மாற்றுதல் ஆகிய இவையெல்லாம் கம்பெனிச் சட்ட வல்லார் பணி. இன்னும் ஒப்பந்தம் வரைதல், வரி, தொழிலாளர் சட்டம், கப்பற் சட்டம், காப்பீடு, சுற்றுச்சூழல் அனுமதி, நொடித்த கம்பெனிகளைத் தீர்த்தல் எனத் துறைகள் பல. ஒருவர் ஒரு துறையிலே ஆழ்ந்து, பிறவற்றைப் பிறர்க்கு விடுவர்.

நிற்க. 2017 சனவரி 28-ஆம் நாள் இத்துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெயை இளைஞர் வாளி கொண்டு அள்ளியதை நாடறியும். 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் அடித்து வரப்பட்டு எண்ணூர்க் கழியெங்கும் படர்ந்தது. பசுமைத் தீர்ப்பாயம் அதனைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மாநில அரசு 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலைக்கு ரூ. 12,500-உம், 787 படகுகளுக்குத் தலைக்கு ரூ. 10,000-உம் நிவாரணம் அறிவித்தது. வலையும் படகும் கறுத்து, மீனும் விலைபோகாத இல்லத்திற்கு அத்தொகை எத்தனை நாளைக்குப் போதும்?

"வழக்கறிஞர் தம் கட்சிக்காரர்க்கே கடப்பாடுடையவர்; மீனவர் நலம் பேணல் அவர் கடனன்று" என்பர் சிலர். கட்சிக்காரரைக் காட்டிக்கொடுக்குமாறு யாமும் கூறோம். ஆனால் அக்கட்சிக்காரர் கடமை யாது? 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு, இயக்குநர் பங்குதாரர் நலத்தோடு தொழிலாளர், சமுதாயம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலத்தையும் கருதி நடத்தல் வேண்டும் என விதிக்கின்றது. 1985-இல் தில்லியில் நிகழ்ந்த அமிலவாயுக் கசிவை ஒட்டி, ஆபத்தான தொழில் நடத்துவோர் அதனால் விளையும் கேட்டிற்கு முழுப் பொறுப்பாவர் என்று உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்த்தது. எனவே, வெள்ளம் வருமுன் அணையிடச் சொல்லும் வழக்கறிஞரே கம்பெனிக்கும் உண்மை நண்பர். வந்தபின் சாக்குத் தேடித் தருபவர் அதன் பணத்திற்கும் பகைவர், பெயருக்கும் பகைவர் என்பது எமது துணிபு.

தமிழ் மாணவராகிய எமக்கு மற்றொரு குறையும் தோன்றுகின்றது. கம்பெனிப் பத்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள. அவற்றால் வாழ்வோ தாழ்வோ அடையும் மக்கள் தமிழர். 2020-இல் வெளிவந்த சுற்றுச்சூழல் விதி வரைவை நாட்டு மொழிகளிற் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர் நீதிமன்றமே ஆணையிட நேர்ந்தது. மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை, முதல் தமிழ் நாவல் தருவதற்குப் பல்லாண்டு முன்பே, நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி "சித்தாந்த சங்கிரகம்" என வெளியிட்டார். சட்டம் தமிழிற் பேசாது என்போர்க்கு அவர் செயலே விடை. தாம் ஆங்கிலத்தில் எழுதியதன் கருத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் விளக்க இயலாத வழக்கறிஞர், எத்துணைப் பட்டம் பெறினும், பாதி வழக்கறிஞரே.

தோழர்களே, 1891-இல் தோன்றிய சென்னைச் சட்டக் கல்லூரி 2018-இல் பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்திற்கும் பெயர்ந்தது. தமிழிலக்கியம் கற்றவர்க்கும் அதன் மூன்றாண்டுப் படிப்பின் வாயில் அடைபட்டதன்று. சொல்லின் பொருளை நுணுகி ஆராயும் பயிற்சி நமக்கு வேறு எதற்கு? நம்முள் சிலரேனும் அத்துறை புகுதல் வேண்டும். நெட்டுக்குப்பத்துச் சிறுவர் சிறுமியரும் புகுதல் வேண்டும். கழியின் நீரோட்டம் அறிந்த ஒருவர் ஒப்பந்தம் எழுதும் மேசையருகே அமர்ந்திருப்பின், பல கேடுகள் எழுத்திலேயே தடுக்கப்படும். அன்று அம்முதியவர் வினாவிற்கு, "கம்பெனியின் பொருட்டு எழுதுபவன் நானே, ஐயா, கேளுங்கள், சொல்லுகிறேன்" என்று அவர் பேரனே விடையிறுப்பான்.